உன் காருக்கு நான் போட்ட பின் பிரேக்

அன்பு மாறாத என் அண்ணனுக்கு,

நீ கண்ணை மூடிய பிறகு உன் காரை வாணிதான் ஓட்டுகிறாள். ஓட்டினாள் என்று எழுத வேண்டும். பயப்படாதே, உன் மகள் பிழைத்துவிட்டாள். தோள்பட்டை எலும்பில் விரிசல். கையைத் துணியில் தூக்கிக் கட்டிக்கொண்டு வீட்டில் இருக்கிறாள். அந்தக் காரில் நான் இல்லை. ஆனால் அதை அப்படி ஆக்கி வைத்தவன் நான்.

இரண்டே சீட்டு உள்ள உன் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு வயது உன் மகளைவிட அதிகம். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் பழைய டிரம். "பின்னாடி இருக்கறது பிரேக்கா, பிஸ்கோத்தாண்ணே?" என்று நான் கேலி செய்யும்போதெல்லாம் நீ சிரிப்பாய். "இதுக்கு இது போதும்லா" என்பாய். ஏன் போதும் என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேனா, தெரியவில்லை.

நான் லோரிக்காரன். கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு மலை இறங்குகிறவனுக்குப் பாரமெல்லாம் பின்னால்தான். பின் பிரேக் பிடித்தால்தான் உயிர். அந்தப் புத்தியை அப்படியே உன் காருக்குக் கொண்டுபோனேன். ஈப்போவில் உடைந்த கார்களைக் கழற்றி விற்கும் கடையில் பெரிய டிஸ்க் ஒரு ஜோடி வாங்கி, நானே பின்னால் மாட்டினேன். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, முனியாண்டி கோயில் வரை ஓட்டிப்போய்த் தேங்காய் உடைத்தேன். கோயில் வரைக்கும் ஏற்றம். ஏற்றத்தில் மெதுவாகப் போன கார் மிதித்ததும் நின்றது. பிரேக் பிரமாதம் என்று சொல்லி வாணியிடம் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

போன வாரம் தானா ராத்தாவில் வேலை முடிந்து அவள் ரிங்லெட்டுக்கு இறங்கி வந்திருக்கிறாள். தேயிலைத் தோட்டத்து வளைவில் எதிரே ஒரு வேன். பிரேக்கை மிதித்ததும் காரின் வால் சுழன்று முன்னால் வந்துவிட்டது. தேயிலைச் செடிகளுக்குள் போய்த்தான் நின்றது.

எல்லாரும் காரைப் பார்த்தார்கள். நான் ரோட்டைப் பார்த்தேன். காய்கறி லோரிகள் சிந்திவிட்டுப் போன சேற்றில், முன் சக்கரத் தடத்தில் டயரின் வரி தெளிவாக இருந்தது. பின் சக்கரத் தடம் கையால் வழித்துவிட்டது போலிருந்தது. அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. பிரேக் பிடித்தால் இந்தக் காரின் பாரமெல்லாம் முன்னால் சாய்ந்துவிடும், பின்பக்கம் லேசாகிவிடும். லேசான சக்கரத்தை என் பெரிய பிரேக் இறுக்கிப் பிடித்து, உருளவிடாமல் வழுக்கவிட்டிருக்கிறது. ஆழம் தெரியாமல் காலை விட்டது நான். விழுந்தது உன் பிள்ளை.

அங்கேயே வாயைத் திறந்திருக்க வேண்டும். அதற்குள் அண்ணி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நல்ல வேள தம்பி, நீங்க புது பிரேக் போட்டு வச்சீங்க. இல்லேன்னா எம்புள்ள இன்னைக்கு இல்ல" என்று அழுதார். நம் மாமா வாணியைத் திட்ட ஆரம்பித்தார். "பொம்பள புள்ளைக்கு எதுக்கு இந்த காரு? வேகமா வந்திருப்பா" என்றார். நான் தலையை ஆட்டினேன், அண்ணே. ஆமாம் என்பது போல ஆட்டினேன். பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்களே, அதை நின்று வேடிக்கை பார்த்தேன்.

வாணிக்கு எல்லாம் தெரியும். நேற்று அவளைப் பார்க்கப் போனேன். அண்ணி தேத்தண்ணி போட உள்ளே போனதும் அவள் மெதுவாகச் சொன்னாள்.

"பின்னாடிதான் இழுத்துச்சு சித்தப்பா. நான் வேகமால்லாம் வரல."

சொல்லிவிட்டு உள்பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க. அப்பாவும் இல்ல. உங்ககிட்டயும் பேச்சு நின்னுட்டா, அம்மாவுக்கு யாரு இருக்கா?"

உன் மகள் எனக்காகத் திட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் இனி ஸ்டியரிங்கையே தொடக் கூடாது என்று அண்ணி சாவியைப் பூட்டி வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காரை விலைக்கு வாங்கிப்போக ஆள் வருகிறது. நான் பேசாமல் இருந்தால், வேகமாக ஓட்டி அப்பா காரை அழித்தவள் என்ற பேர் அவளுக்கு நிலைத்துவிடும்.

உனக்கு மட்டும் எழுதி மடித்து வைத்தால் அதுவும் ஒளிந்துகொள்வதுதான். அதனால் இந்தக் கடிதத்தை நம் குடும்ப வாட்சாப் குரூப்பில் போடுகிறேன். மாமா படிக்கட்டும். அண்ணி, நீங்களும் படியுங்கள். நீங்கள் பிடித்துக்கொண்டு அழுத கைதான் அந்தப் பிரேக்கை மாட்டியது.

அண்ணே, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இதைப் போட்டதும் அண்ணி வீட்டுக்குப் போவேன். கதவைச் சாத்தினாலும் வாசலில் நிற்பேன். அண்ணி காரை விற்காமல் விட்டால், உன் டிரம்மைத் திரும்ப மாட்டி, முதல் இறக்கத்தில் நானே ஓட்டிப் பார்ப்பேன். அதற்குப் பிறகும் வாணி சாவியை வாங்க மறுத்தால், அவளை வற்புறுத்த மாட்டேன். பயத்தை அவளுக்குக் கொடுத்தவன் நான்தானே.

அவள் வாங்கிய திட்டுக்கெல்லாம் சொந்தக்காரன்,
உன் தம்பி, வாணியின் சித்தப்பா,
மணியம்