வெட்டுக்கிளி தின்றவளின் கதை

மசாகா

என் மகன் முலோண்டோவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் மனைவி நகிட்டோவும் பிள்ளைகளும் சுகம். நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை, ஞாயிற்றுக்கிழமை போனில் கத்திய கத்தலிலேயே லண்டன் குளிர் உன்னை ஒன்றும் செய்யவில்லை என்று தெரிந்துகொண்டேன். மழை நன்றாகப் பெய்கிறது, வெட்டுக்கிளி இறங்கிவிட்டது, ஊரெல்லாம் வறுக்கிற மணம். உனக்குத்தான் இப்போது வெட்டுக்கிளி என்றாலே ஆகாதே. நகிட்டோ எழுதிய நாவலில் ஒருத்தி வெட்டுக்கிளி பிடித்து, இறகு கிள்ளி, வறுத்து, புருஷன் தட்டை வைத்துக்கொண்டு காத்திருக்க, அத்தனையையும் தானே தின்றுவிடுகிறாள். பெண்கள் வறுக்கலாம், வாயில் போடக்கூடாது என்பது எந்தக் காலத்திலோ எவனோ ஒரு தின்னிமாடு வைத்த சட்டம். அதற்குப் போய் "என் பேரக் கெடுத்துட்டா" என்று குதிக்கிறாய். உன் பெயர் அதில் எங்கேடா இருக்கிறது? நம்மில் எந்தப் பெண் கட்டியவன் பெயரைச் சுமக்கிறாள்? புத்தக அட்டையில் இருப்பது நகிட்டோவின் அப்பா வீட்டுக் குலப்பெயர். வெள்ளைக்காரன் ஊரில் நாலு வருஷம் இருந்ததில் இதுகூட மறந்துபோன நீ, வழக்கத்தைக் காக்கப் புறப்பட்டுவிட்டாய். புத்தகத்தையாவது படித்தாயா என்றால் அதுவும் இல்லை, எவனோ போனில் அனுப்பிய ஒரே ஒரு பக்கம். தூ!

நீ ஏவிவிட்ட உன் சித்தப்பா கலூலே செவ்வாய்க்கிழமை வந்தார். நகிட்டோ எப்போதும்போல மண்டியிட்டு வணங்கினாள். "புத்தகத்த நிறுத்து, இல்லேன்னா பிள்ளைங்கள விட்டுட்டு வீட்டவிட்டுப் போ, உன் புருஷன் சொல்லிட்டான்" என்றார். அவள் மண்டியிட்டபடியே, "வணக்கம் சொல்லத்தான் மண்டி போட்டேன் மாமா, புத்தகத்த நிறுத்தறதுக்கு இல்ல" என்றாள். மனுஷன் தட்டிலிருந்த வெட்டுக்கிளியை மிச்சம் வைக்காமல் வழித்துத் தின்றுவிட்டுப் போனார். ஆனால் சாயங்காலம் அவள் சின்னவளைக் கட்டிக்கொண்டு அழுதபடி பெட்டியில் துணி அடுக்குவதைப் பார்த்தேன். நானே பெட்டியைப் பிரித்துப்போட்டேன். இந்த வீடு நான் தோட்டத்தில் முதுகொடிந்து, வாழைத்தார் விற்றுக் கட்டியது, உன் சித்தப்பனுடையதும் இல்லை, உன்னுடையதும் இல்லை. அவளும் பிள்ளைகளும் இங்கேதான் இருப்பார்கள். உன் சட்டை, சப்பாத்து எல்லாவற்றையும் மூட்டை கட்டிச் சித்தப்பா வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். ஊருக்கு வந்தால் அங்கேயே தங்கி உன் பேரைக் காப்பாற்றிக்கொள்.

கடவுள் உன்னை நன்றாக வைக்கட்டும், கூடவே கொஞ்சம் புத்தியும் கொடுக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. புத்தகம் ஒன்று தபாலில் அனுப்பியிருக்கிறேன், முழுதாகப் படி. கதையில் வருகிற புருஷன் நீதான் என்று எல்லாரிடமும் சொல்லிப் புலம்புகிறாயாமே, அது நீ இல்லை. அவன் கடைசியில் பெண்டாட்டியிடம் மன்னிப்புக் கேட்கிறான்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
நபவனூகா