பத்து நிமிஷத்தில் வந்திடறோம்

மே 9, வெள்ளி

காலை ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று. எடுத்து வைக்க வேண்டியவை: துண்டு ஐந்து, மகள் யாழினியின் நீச்சல் உடை, காய்ச்சல் மருந்து, கொசுவத்தி, முறுக்கு டப்பா, சார்ஜர் (போன தடவை மறந்தது நான்தானாம்).

ஏற்காட்டில் அறை கிடைக்கவில்லை. இவர் அடிவாரத்திலேயே ஒரு ரிசார்ட்டைப் பிடித்துவிட்டார். சங்ககிரியில் அடிக்கிற அதே வெயில், அதே புழுக்கம்.

“மலை எங்கீங்க?”

“அதா, கண்ணு முன்னால நிக்குதே.”

மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நான்கு நாள்.

நாத்தனார் ரம்யாவும் அவள் கணவர் பிரபுவும் திருப்பூரிலிருந்து பதினொரு மணிக்கு. பிள்ளைகள் தருண் (5), மித்ரா (3). எங்களுக்கு 7-ம் அறை, அவர்களுக்கு 8. எதிரே நீச்சல் குளம், சுற்றி ஒரு வேலி கிடையாது. குளத்துக்கு அந்தப் பக்கம் சாப்பாட்டுக் கூடம். சாம்பாரில் உப்பு இல்லை. மித்ரா என் மூக்குக்கண்ணாடியை வளைத்துவிட்டாள்.

மாலையில் ரம்யாவும் பிரபுவும் பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டுக் கடைக்குப் போனார்கள். சின்னதுகளைப் பார்த்துக்கொள் என்று யாழினியிடம் சொல்லிவிட்டு நாங்களும் தோட்டத்தைச் சுற்றி ஒரு நடை. ஒன்பது வயது, பொறுப்பான பெண். வெகுநாளைக்குப் பிறகு இவரோடு தனியாக. அதிகம் பேசவில்லை. நன்றாக இருந்தது.

மே 10, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு சின்னதுகள் இரண்டும் 8-ல் தூக்கம். 7-ல் யாழினிக்கு டிவி, இவருக்குக் குறட்டை. காபிக்காகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனால் அங்கே ரம்யாவும் பிரபுவும். மேசையில் ரம்யாவின் போன் தண்ணீர் பாட்டிலில் சாய்ந்து நிற்கிறது. திரையில் கட்டில், மேலே இரண்டு பிள்ளைகள்.

“தூங்குதுங்க அண்ணி. இவரு போனை வீடியோ கால் போட்டு அங்கயே வச்சுட்டு வந்துட்டோம். பத்து நிமிஷத்துல போயிருவோம்.”

பிரபு: “வெளிநாட்டுலயெல்லாம் இப்படித்தானுங்க. கேமரா இருந்தா ஆளே வேண்டியதில்ல.”

கதவைச் சாத்திவிட்டார்களாம். எழுந்தால் யாருக்கும் திறக்கக் கூடாது என்று தூங்கும் முன்பே தருணிடம் சொல்லியும் வைத்திருக்கிறார்களாம். எனக்கு எரிச்சல். வாயைத் திறக்கவில்லை. நாத்தனார் அல்லவா. பேச்சு என் தலையில்தான் வந்து விடியும்.

பஜ்ஜி வந்தது. இருபது நிமிஷம் ஆனது. திரையில் பிள்ளைகள் அப்படியே. மித்ரா தூக்கத்தில் உதைத்துக்கொண்டே இருக்கிற பிள்ளை. ஒரு விரல்கூட அசையவில்லை. மின்விசிறிக் காற்றில் ஆடவேண்டிய ஜன்னல் துணியும் அசையவில்லை.

“ரம்யா, இது ஓடுதா, நின்னுபோச்சா?”

பிரபு தொட்டார். படம் போய்விட்டது. இணைப்பு எப்போது அறுந்ததோ.

ஓடினோம். கதவு உள்ளே தாழ்.

“ஆருங்க?” தருண்.

“அம்மா சாமி. தெற.”

“ஆரு வந்தாலும் தெறக்கக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க.”

“நான்தான் சாமி அம்மா.”

உள்ளே ஏதோ சரியும் சத்தம். அப்புறம், “எட்ட மாட்டேங்குதுங்கம்மா. பெட்டி சாஞ்சுபோச்சு.”

பெட்டி மேல் ஏறித்தான் தாழ் போட்டிருக்கிறான். அவன் குரலுக்குப் பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம். அதற்கும் பின்னால் மித்ராவின் அழுகை. குளியலறைக்குள் இருக்கிறாள். அங்கே சுடுதண்ணீர்க் குழாய் அவள் கைக்கு எட்டும். பிரபு தோளால் கதவை இடித்தார். ரம்யா பிள்ளையின் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அறை சுத்தம் செய்யும் சரோஜா என்கிற அம்மாதான் துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடினார். வாளியைக் கவிழ்த்து ஏறிக் குளியலறை ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவினார்.

“பாப்பா, செவுத்தோரமா நகந்து நில்லு சாமி. இதோ வாரேன்.”

ஒல்லியான உடம்பு. அந்தச் சந்தில் நுழைந்து உள்ளே குதித்து, குழாயை மூடி, அறைக் கதவைத் திறந்தார். முழங்கை கிழிந்து ரத்தம். அதைப் புடவையில் துடைத்துக்கொண்டு துடைப்பத்தைத் தேடினார்.

மித்ராவின் வலது பாதம் சிவந்து, மேலே ஒரு கொப்புளம். அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக். டாக்டரம்மா கட்டுப் போட்டார். “கால்ல மட்டும் பட்டுச்சு. கீழ உக்காந்து வெளையாடியிருந்தா?”

திரும்பும்போது காரில் பிரபு: “வைஃபை ஒழுங்கா இருந்திருந்தா இந்தப் பிரச்சினையே இல்ல.” இவர்: “நம்மளையெல்லாம் காட்டோரம் விட்டுட்டுத்தான் வேலைக்குப் போனாங்க மாப்ள. வளரலையா?”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இல்லாவிட்டால் காரிலிருந்து இறங்கி நடந்திருப்பேன்.

மே 11, ஞாயிறு

ஒரு நாள் முன்னதாகவே வீடு. அழுக்குத்துணி இரண்டு மூட்டை. தண்ணீர் வரவில்லை.

மாமியார் போனில்: “நீ பக்கத்து ரூம்லதான இருந்த? பெரியவ, நீ பாத்திருக்க வேண்டாமா?” வந்து விடிந்தது. பெற்றவர்கள் பஜ்ஜி தின்னப் போவார்கள், பழி எனக்கு. “சரிங்க அத்தை” என்று வைத்துவிட்டேன்.

துணி மடித்தபடி எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்லித் தீர்த்தேன். மூன்று வயதுப் பிள்ளையைத் தனியே விட்டுப் போக எப்படி மனசு வரும், போன் என்ன ஆயாவா, ஊர் சுற்ற வந்தால் பெற்றவர்களுக்கும் லீவா. யாழினி துண்டை மடித்துக்கொண்டே கேட்டாள்.

“நீங்களுந்தான போனீங்கம்மா.”

“எப்ப?”

“வெள்ளிக்கிழமை. நீங்களும் அப்பாவும் நடக்கப் போனப்ப. மித்ரா கொளத்துல எறங்கிட்டா. ரெண்டாவது படி. இடுப்பு வரைக்கும் தண்ணி. சட்டையைப் புடிச்சு இழுத்தேன். நானும் வழுக்கிட்டேன்.”

“ஏன் சொல்லல?”

“நாந்தான பாத்துக்கணும். திட்டுவீங்க.”

“டிரஸ் நனைஞ்சிருந்துச்சே.”

“மித்ரா தண்ணிய மேல கொட்டிக்கிட்டான்னு சொன்னேன். நீங்க சரின்னீங்க.”

ஆமாம். சரி என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மே 12, திங்கள்

வெயில். தலைவலி. காலையில் இவரிடம் சொன்னேன். “அதான் ஒண்ணும் ஆகலையே, விடு.” தட்டைக் கொஞ்சம் வேகமாகவே வைத்தேன்.

விடமுடியவில்லை. பதினொரு மணிக்கு ரம்யாவைக் கூப்பிட்டேன்.

“திட்டத்தானுங்க அண்ணி கூப்பிட்டீங்க? திட்டுங்க. எல்லாரும் திட்டியாச்சு. நீங்க மட்டுந்தான் பாக்கி.”

குளத்தைப் பற்றிச் சொன்னேன். படி, இடுப்பளவு தண்ணீர், யாழினி இழுத்தது, நாங்கள் தோட்டத்தின் அந்தக் கோடியில் இருந்தது. எதையும் குறைக்கவில்லை. மன்னித்துக்கொள் என்று சொல்ல நினைத்து, “என்னை நம்பித்தான விட்டுட்டுப் போன” என்றுதான் வந்தது.

அந்தப் பக்கம் மித்ரா பிஸ்கட் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“யாழினிகிட்டப் போனைக் குடுங்கண்ணி.”

கொடுத்தேன். ரம்யா என்ன சொன்னாளோ தெரியவில்லை.

“ஆமாங்க அத்தை... இல்லீங்க, அடிபடல... ரொம்ப பயந்துட்டேனுங்க அத்தை.”

இத்தனை நாளும் என்னிடம் சொல்லாத வார்த்தை. சொன்னதும் அழ ஆரம்பித்தாள். போனை வாங்காமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். குக்கர் ஐந்தாவது விசில் அடித்தது. எழுந்திருக்கவில்லை.