குடோனுக்கு எதுக்கு சார் கண்ணாடி?

ஆகஸ்ட் 6, புதன்

காலையிலேயே புழுக்கம். மலை உச்சியில் மேகம், கீழே ஒரு சொட்டு இல்லை.

கீழ்த்தளத்தைச் சுத்தம் செய்தேன். வெளியே போனவை: காய்ந்த பெயிண்ட் டப்பா ஆறு, கல்லாகிப் போன சிமெண்ட் மூட்டை இரண்டு, டயர் இல்லாத சைக்கிள், ஒரு சாரைப்பாம்பு (தானாகவே போய்விட்டது). இடுப்பு வலி.

வீடு கட்டும்போது இந்த மனை பள்ளம். மண் கொட்டி மேடாக்காமல் தூண் எழுப்பி, ரோட்டு மட்டத்தில் வீடு, அடியில் காலி இடம் என்று விட்டேன். முன்பக்கச் சுவர் மண்ணுக்குள். பின்பக்கம் தோட்டத்தைப் பார்த்துத் திறப்பு. பதினோரு வருஷமாகப் பூச்சுகூட இல்லை. தனி ஆளுக்கு மேல்வீடே ஜாஸ்தி.

நேற்று வந்த காண்ட்ராக்டர் கீழே இறங்கிப் பார்க்காமலே "பதினஞ்சே நாள் சார், முடிச்சிடலாம்" என்றார். இன்று வந்தவர் ஜாஃபர் பாய். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். வெறுங்காலால் தரை முழுக்க நடந்தார். முன்பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல் பார்க்கிறவர் மாதிரி நின்றார்.

"எதுக்கு சார் இந்த எடம்?"

"குடோன்."

"இன்னா வைக்கப் போறீங்க?"

"சாமான்."

"ரிட்டையர் ஆன சர்வேயர், ஒண்டி ஆளு. உங்களுக்கு இன்னா சார் அவ்ளோ சாமான்?"

நான் போட்டு வைத்திருந்த வரைபடத்தைக் கொடுத்தேன். அவர் டேப் பிடித்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். எங்கும் ஒரு அங்குலம்கூடப் பிசகவில்லை. "கரெக்டா இருக்கு சார்" என்றார். முப்பத்து மூன்று வருஷ சர்வீஸில் யாரும் இப்படிச் சொன்னதில்லை. வேலை இவருக்குத்தான்.

இங்கே எழுதலாம், யார் பார்க்கப் போகிறார்கள். குடோன் இல்லை. செல்விக்காக.


ஆகஸ்ட் 9, சனி. பௌர்ணமி

நேற்று மத்தியானத்திலிருந்து வாசலில் கிரிவலக் கூட்டம். வண்டியை எடுக்க முடியாது. பால் பாக்கெட் நேற்றே வாங்கியது நல்லதாயிற்று.

தமிழ்ச்செல்வி. வயது 52. டவுனில் தையற்கடை. கணவர் இறந்து பல வருஷம், மகன் துபாயில். எனக்கு 61. தங்கைகள் கல்யாணம், அப்புறம் வேலை, அப்புறம் பழக்கம் என்று பண்ணிக்கொள்ளாமலே போய்விட்டது. மூன்று வருஷமாக அவர் கடைக்கு பேண்ட் கால் மடிக்கப் போகிறேன். (இருப்பது நாலு பேண்ட்.) ஜூன் மாதம் ஒருநாள், கடையில் யாரும் இல்லாத நேரம், கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டேவிட்டேன்.

செல்வி மிஷினை நிறுத்தவில்லை. ஒரு ஓரத்தை முழுசாகத் தைத்து முடித்துவிட்டுத்தான் பேசினார். "ஓனரு இந்தக் கட்டடத்த இடிக்கப் போறாருங்க. நாலு மிஷின் போட எனக்கு எடம் வேணும். மொதல்ல எடத்தக் காட்டுங்க. மத்தது அப்புறம்."

ஆமாம் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை.

இன்று சாயங்காலம் அஞ்சு மணிக்கு கிரிவலத்தில் நடந்து வந்தார். கேட்டருகே நின்று என்னிடம் மோர் வாங்கிக் குடித்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"வேலை ஆரம்பிக்கலயா?"

"ஆடி முடியட்டும்னு..."

"ஆடி முடிஞ்சா ஆவணி. அதுவும் முடிஞ்சா என் கட இருக்காது." டம்ளரைக் கொடுத்துவிட்டு நடந்தார். பச்சைப் புடவை. கூட்டத்தில் ரொம்ப தூரம் வரை தெரிந்தது.


ஆகஸ்ட் 18, திங்கள்

வேலை ஆரம்பம். பாய், கொத்தனார் ஏழுமலை, இன்னும் இரண்டு பேர். மணல் லாரி திரும்பும்போது முருங்கை மரத்தின் ஒரு கிளை போயிற்று.

நான் கூடுதலாகக் கேட்டதும், பாய் சொன்னதும்:

இன்னும் இரண்டு ஜன்னல். "சாமானுக்கு மூச்சு முட்டுமா சார்?"

பிளக் பாயிண்ட் பன்னிரண்டு. விரல் விட்டு எண்ணிவிட்டு என்னைப் பார்த்தார்.

பாத்ரூம். "சாமான் குளிக்குமா?"

ஆளுயரக் கண்ணாடி பதிக்க ஒரு சுவர். "குடோனுக்கு எதுக்கு சார் கண்ணாடி?"

ஏழுமலை கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. டீ போடுகிறேன் என்று மேலே ஏறி வந்துவிட்டேன்.


ஆகஸ்ட் 22, வெள்ளி

மூன்று மணிக்கு மழை. இப்படி ஒரு மழை இந்த வருஷம் இல்லை. நாலு மணிக்குள் முன்பக்கச் சுவர் அழ ஆரம்பித்தது. ஐந்து இடத்தில் ஊற்று. தரையில் கணுக்கால் அளவு.

தண்ணீரில் நின்றபடி, இனி ஒன்றும் நடக்காது என்று நினைத்தேன். செல்வி வேறு எங்காவது வாடகைக்குப் பார்த்துக்கொள்வார். நான் நாலு பேண்ட்டோடு இருப்பேன்.

பாய் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"நல்ல வேளை சார், பூசறதுக்கு முன்னாடி வந்துது. இதுமேல பூசிட்டுப் போற ஆள் நான் இல்ல. குடோன்னா கொஞ்சம் ஓதம் இருந்தா பரவால்ல. ஆனா மனுஷங்க நாள் முழுக்க ஒக்காந்து வேலை செய்யற எடம்னா, வெளிய மண்ணத் தோண்டி, சுவத்துக்கு அந்தப் பக்கம் வாட்டர் ப்ரூஃப் அடிச்சு, தண்ணி போக வழி வைக்கணும். இருவது நாள் ஜாஸ்தி. இப்பவாவது சொல்லுங்க. எதுக்கு?"

மழைச் சத்தம் இருந்ததால் சொல்ல முடிந்தது. "கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன் பாய். அவங்க தையற்கடை வைக்க. அவங்க இன்னும் சரின்னு சொல்லல."

வாயைத் திறந்து சொன்னது இதுதான் முதல் முறை, செல்வியிடம் கேட்டதைத் தவிர.

பாய் என் தோளில் கை வைத்தார். பிறகு திரும்பி, உரக்க: "யோவ் ஏழுமல, குடோன் இல்லியாம்யா!"

தோட்டப் பக்கமிருந்து பதில்: "அது மொத நாளே தெரியும் பாய்!"

மூன்று பேரும் சிரித்தோம். கால் தண்ணீரில்.


ஆகஸ்ட் 31, ஞாயிறு

வெயில். கீழ்பென்னாத்தூர் போய்ப் பெரிய தங்கையிடம் சொல்லிவிட்டு வந்தேன். திட்டுவாள் என்று பஸ் முழுக்கப் பயம். வேர்க்கடலை உரித்துக்கொண்டே கேட்டாள். "ஜாக்கெட் நல்லா தைக்கறவங்களா? கை தூக்கினா இழுக்காம?" தெரியாது என்றேன். "மூணு வருஷமா இன்னாதான்ணா பேசின?" ஒரு படி கடலை கொடுத்து அனுப்பினாள்.

வெளிச்சுவர் வேலை முடிந்தது. கருப்பாக, எருமை முதுகு மாதிரி.


செப்டம்பர் 10, புதன்

நேற்று நல்ல மழை. விடிந்ததும் இறங்கிப் போய்ச் சுவரைத் தடவினேன். காய்ந்த சுவர். நம்பாமல் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். காய்ந்த சுவர்!! ஏழுமலை வந்து நிற்பதைக் கவனிக்கவில்லை. அவரும் தன் கன்னத்தை வைத்துப் பார்த்தார்.

காலை இட்லி ஏழு. எப்போதும் நாலு.


செப்டம்பர் 14, ஞாயிறு

செல்வி இடம் பார்க்க வந்தார். வெள்ளையடித்தாயிற்று. பாய் ஞாயிறு லீவு என்றாலும் வந்து, எங்கோ பார்ப்பது போல் மூலையில் நின்றார்.

செல்வி பையிலிருந்து ஒரு கருப்புத் துணி, கருப்பு நூல், ஊசி எடுத்தார். ஒவ்வொரு ஜன்னலருகிலும் போய் நின்று ஊசியில் நூல் கோத்து, வெளிச்சம் போதுமா என்று நாலு தையல் போட்டுப் பார்த்தார். மூன்றாவது ஜன்னலில் கொஞ்ச நேரம் தையலை விட்டுவிட்டு மலையைப் பார்த்தார்.

"பாயிண்ட்டு கீழ இருக்கு. ஒரு அடி ஏத்தணும்."

"ஏத்திடலாம்மா" என்றார் பாய்.

"மேல வீட்டுக்கு எப்படிப் போறது?"

நான் முந்திக்கொண்டேன். வெளியே பக்கவாட்டில் படி இருக்கிறது, தனி வழி, தனிப் பூட்டு, யார் தொந்தரவும் இருக்காது என்று. யோசித்து யோசித்து வைத்த வழி. பெருமையாகவே சொன்னேன்.

"மழை பேஞ்சா? சாப்பாட்டுத் தட்ட கைல வச்சிகினு வெளிய சுத்தி வரணுமா நான்? உள்ளயே படி வைங்க."

பாய் மேலே பார்த்தார். "ஸ்லாப் ஒடைக்கணும்மா. சார் ஹால் நடுவுல வரும். ஒரு வாரத்துக்கு வீடெல்லாம் தூசி."

"ஒடைங்க."

என் ஹால். என் ஸ்லாப். நான் பீம் எங்கே வருகிறது, எத்தனை படி தேவை என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பாய் என் விலாவில் முழங்கையால் இடித்தார். அப்புறம்தான் புரிந்தது.

"அப்படின்னா..." என்றேன்.

"ஐப்பசியில வச்சிக்கலாங்க" என்றார் செல்வி. ஊசியைத் துணியில் குத்திப் பைக்குள் வைத்தார். காது அவருக்கும் சிவந்திருந்தது.


செப்டம்பர் 18, வியாழன்

தூசி. சோற்றில் தூசி, படுக்கையில் தூசி, இந்த நோட்டில் தூசி. பக்கத்து வீட்டம்மா மதில் மேல் எட்டி, "நல்லா இருக்கற வீட்ட ஏன் ஒடைக்கறீங்க?" "படி வைக்கறோம்" என்றேன். றோம் என்று வந்துவிட்டது. திருத்தவில்லை.

மத்தியானம் ஓட்டை விழுந்தது. மூன்றடிக்கு ஏழடி. பீம் தப்பியது. கீழேயிருந்து வெளிச்சம் ஹால் கூரையில் விழுகிறது. இந்த வீட்டில் அப்படி ஒரு வெளிச்சம் பார்த்ததில்லை.

செல்வி கடையை மூடிவிட்டு வந்து, கீழே மிஷின் எங்கெங்கே என்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அண்ணாந்து, "மேல டீ இருக்குங்களா?" என்றார்.

போட்டேன். வெளியே சுற்றிக் கொண்டுபோக நேரமாகும் என்று ஓட்டை விளிம்பில் குப்புறப் படுத்து டம்ளரை இறக்கினேன். செல்வி ஸ்டூலில் ஏறி எட்டி வாங்கினார். ஏழுமலை ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார், பாய் என் காலைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு வாய் குடித்துவிட்டு, "சக்கர கம்மி" என்றார்.

"எவ்ளோ போடணும்?"

"ரெண்டு ஸ்பூன்."

எழுதி வைக்கிறேன்: செல்விக்கு இரண்டு.