கிசுகிசுக்கத் தெரியாத அண்ணனுக்கு

அண்ணா,

இன்று காலை என் மகன் காதுக் கருவியை மாட்டும்போது அது கீச்சென்று கத்தியது. காதுக்குள் சரியாக உட்காராவிட்டால் அப்படித்தான் கத்தும் என்று உன் கருவியைக் கேட்டுக் கேட்டே எனக்குத் தெரியும். அடுப்படியில் நின்ற நான், நீதான் பிலிமத்தலாவை டவுனில் உள்ள கடைக்கு வேலைக்குப் புறப்படுகிறாய் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

சின்ன வயதில் சளி பிடிக்கும்போதெல்லாம் உனக்குச் சிறுநீர் சாயத்தண்ணி நிறத்தில் போகும். பால் கலக்காத தேத்தண்ணியை நாள் முழுக்கக் குடிக்கிறான், அந்தச் சாயம்தான் இறங்குகிறது என்று அம்மா முடிவு கட்டினார். தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோரும் ஆமாம் போட்டார்கள். உனக்கு மட்டும் தேத்தண்ணி நின்று வெந்நீர் வந்தது. நீயோ சிரித்துக்கொண்டே, "இம்புட்டுச் சாயம் எறங்குற நல்ல தேயிலைய நமக்கு யாரும்மா குடுக்குறா?" என்று கேட்டாய்.

அது ரத்தம் என்று கண்டி கிளினிக்கில் சொன்னபோது உன் காது பாதி போயிருந்தது. சிறுநீரகங்கள் பாதிக்கு மேல் போயிருந்தன. நம் குடும்பத்தில் தாய்வழியாக வரும் வருத்தம், காதையும் சிறுநீரகத்தையும் சேர்த்துக் கெடுக்கும் நோய், ஆண் பிள்ளைகளைக் கடுமையாகத் தாக்கும், பெண்களையும் முழுதாக விடாது என்று டாக்டர் விளக்கினார். வீட்டில் எல்லோரும் கூடி, வெளியே மூச்சு விடக்கூடாது என்று தீர்மானித்தார்கள். எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

ஆனால் உனக்குத்தான் மெதுவாகப் பேசவே வராதே! நிறைந்த பஸ்ஸில் ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "தங்கச்சி, நமக்கு இருக்கிறது பரம்பரை கிட்னி வருத்தம், ஒனக்கும் பாக்கணும்" என்றாய். கண்டக்டர் வரை திரும்பிப் பார்த்தார். நான் கூனிக்குறுகிப் போனேன். பேசிய சம்பந்தமும் அதோடு கலைந்தது. அம்மா திட்டித் தீர்த்தபோது நீ கொஞ்சமும் அசையவில்லை.

"கலைஞ்சா கலையட்டும்மா. மறைச்சுக் கட்டிக்குடுத்தா, நாளைக்கு அவ புள்ளைக்கு யாரு மருந்து குடுப்பா?"

எல்லாம் கேட்டுவிட்டும் என்னைக் கட்ட வந்தவர்தான் பல்லேகலயில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர். மகன் பேசத் தொடங்கும் முன்பே சோதிக்கச் சொல்லி என்னை நச்சரித்தவன் நீ. வாரம் தவறாமல் டயலிசிஸுக்குப் போய்க்கொண்டே நச்சரித்தாய். அவனுக்கு மாத்திரை தொடங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தாய். முன்கூட்டியே தொடங்கினால் சிறுநீரகம் கெடுவதைப் பல வருடம் தள்ளிப்போடலாம் என்கிறார்கள். பிரஷருக்குக் கொடுக்கும் மாத்திரை அது. இந்த வயதிலேயே பிரஷரா என்று பக்கத்து வீட்டில் கேட்டால், நின்று முழுக்கதையும் சொல்கிறேன். உப்பு ஆகாது என்று கருவாட்டை நிறுத்தியதற்கு அவன் இன்னும் முறைக்கிறான், முறைக்கட்டும். அக்கம்பக்கத்தார் நல்ல எண்ணத்தில் கொண்டுவரும் கஷாயம் எல்லாம் எங்கள் வாழை மரத்துக்குத்தான் போகிறது. காய்ச்சலுக்குக் கூட டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை வாங்குவதில்லை.

இப்போது வீட்டில் சண்டை மகளைப் பற்றி. அவளையும் சோதிக்க வேண்டும் என்றதும் என் மாமியார் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பொம்பளைப் பிள்ளை, நாளைக்குக் கேட்டு வருகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்றார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. கதவைத் திறந்து வைத்துவிட்டே பேசினேன்.

"இருக்குன்னு சொல்லுவோம் மாமி. பயந்து ஓடுறவன் ஓடட்டும். என் புள்ள உசுரோட இருக்கணும்."

போன வாரம் கூட்டிப் போனேன். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று நர்ஸ் தணிந்த குரலில் கேட்டார். நான் வாய் திறக்கும் முன் இவள் முந்திக்கொண்டு அம்மாச்சி, மாமா, அம்மா, அண்ணன் என்று எல்லோரையும் வரிசையாக ஒப்பித்தாள். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, அண்ணா.

நேற்று முடிவு வந்தது. இவளுக்கும் இருக்கிறது.

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தபோது அவள் வாசலிலேயே நின்றாள். மாமாவைப் போல நானும் செத்துவிடுவேனா என்று நேராகக் கேட்டாள். அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"மாமாவுக்கு அது சாயத்தண்ணின்னு விட்டுட்டோம். ஒனக்கு என்னன்னு தெரிஞ்சிருச்சு. விடமாட்டேன்."