மூன்றாவது விடை

செவ்வாய்க்கிழமை, உப்பல்.

கோபத்தில் சோறு இறங்கவில்லை. போன வாரத் தேர்வில் ஒரு கேள்வி: 2-இன் அடுக்கு x-உம் x-இன் வர்க்கமும் எத்தனை இடங்களில் சமமாகும்? எல்லோரும் 2, 4 என்று இரண்டு இடம் எழுதினார்கள். நான் வரைபடம் போட்டேன். பூஜ்ஜியத்துக்கு இடப்பக்கமும் அந்த இரண்டு கோடுகளும் வெட்டிக்கொண்டன. மூன்று என்று எழுதினேன். கணக்கு சார் தப்பு போட்டுவிட்டார். அந்த ஒரு மார்க் குறைந்ததால், அதிக மார்க் வாங்குபவர்களுக்கான முதல் பிரிவிலிருந்து என்னை இறக்கிவிட்டார்கள்.

இன்று வரைபடத்தை அவரிடம் காட்டினேன். கால்குலேட்டரில் மைனஸ் 0.77 போட்டுப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. தெலுங்கில் மெதுவாகச் சொன்னார்: "நீ சொல்றது சரிதாம்மா. ஆனா மேலேயிருந்து வந்த ஆன்ஸர் கீல ரெண்டுன்னு இருக்கு. வெளியே சொல்லாதே."

தெரியாமல் போட்டிருந்தால் மன்னித்திருப்பேன். தெரிந்தும் மாற்றமாட்டாராம்!

வீட்டுக்கு வந்து சொன்னதும், "ஒரு மார்க்குக்காக சாருங்ககிட்ட மோதாதே, விட்டுடு" என்றார் அப்பா.

"சரியா எழுதினவ எதுக்குப்பா விடணும்?"

அம்மாதான் சொன்னாள்: "காலையில எட்டு மணிக்குக் கிளம்பு. ஆபீஸுக்கு லீவு சொல்லிட்டேன். பிரின்சிபாலைப் பார்த்துட்டு வரலாம்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.