மூன்றாம் தூண், மேம்பாலத்தின் கீழ்

மார்ச் 4, செவ்வாய்

காலை ஏழரை மணி வகுப்பு. நூற்றிப் பத்து மாணவர்கள், அதில் பாதிப் பேர் அரைத் தூக்கம். வழக்கம்போல முதலில் ஒரு தரப்புக்காக வாதாடினேன். எல்லோரும் தலையாட்டியதும் கட்சி மாறி என் வாதத்தை நானே கிழித்துப் போட்டேன். இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான் சட்டம் நடத்துகிறேன். எதிராளியின் வாதத்தை அவனைவிட நன்றாகச் சொல்லத் தெரியாதவர்கள் வக்கீல் ஆகக் கூடாது என்பது என் கொள்கை. ஒருத்தி, கடைசியில் எதுதான் சரி என்று கேட்டாள். உன் கட்சிக்காரர் யார் என்பதைப் பொறுத்தது என்றேன். சிரிப்பாள் என்று பார்த்தால் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

நான் வாதாடும் மேம்பாலத்து வழக்குக்குத் தேதி வந்துவிட்டது. பதினொன்றாம் தேதி. அதற்குப் பிறகு தேர்தலுக்கு ஐந்து வாரம்கூட இருக்காது. பாலத்தின் கீழே பதினான்கு தூண்களுக்கு நடுவில் குடியிருக்கும் இருநூற்றுப் பதினேழு பேரின் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து ஒரே நாளில் அடித்துவிட்டார்கள். காரணம் ஒரே வரி: நிலையான முகவரி இல்லை. அங்கேயே பிறந்து அங்கேயே பிள்ளை பெற்றவர்கள். இதைவிட நிலையாக எப்படி இருப்பதாம்?

மார்ச் 6, வியாழன்

கல்லூரி முதல்வர் கூப்பிட்டனுப்பினார். கல்லூரி எனக்குத் தந்திருக்கும் அனுமதி வருடத்துக்கு ஒரு வழக்கு. ஒரு வகுப்பு தவறினாலும் அதுவும் போய்விடும் என்று ஞாபகப்படுத்தினார். அதற்காகத்தானே ஏழரை மணிக்கு வகுப்பு வைத்திருக்கிறேன்? நான் கோர்ட்டுக்குப் போவதில் அவருக்கு என்ன நோகிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மார்ச் 10, திங்கள்

நாளைக்கு. கறுப்புக் கோட்டை இரண்டு முறை இஸ்திரி போட்டேன். ஒரு முறையே போதும்.

மார்ச் 11, செவ்வாய்

முட்டாள். முட்டாள். முட்டாள்.

தேர்தல் அலுவலகத்தின் வக்கீல் என் பழைய மாணவன். அந்தக் காலத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து, நான் தும்மினாலும் எழுதிக்கொள்வான். ஆசிரியர்கள் நாங்கள் அவனுக்கு வைத்த பெயர் முன்பெஞ்சு. இன்று அவன்தான் முதலில் பேசினான். சுமார்தான். பிறகு நான் நாற்பது நிமிடம் பேசினேன். நன்றாகப் பேசினேன், அதில் சந்தேகமே இல்லை. நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்:

"இதுக்கு எதிர்த்தரப்பு என்ன சொல்ல முடியும், புரொஃபசர்?"

அந்தப் 'புரொஃபசர்' கெடுத்தது. கோர்ட்டு மறைந்து வகுப்பறை வந்து நின்றது. "நல்ல கேள்வி" என்று ஆரம்பித்தேன். நீதிபதியிடம்! முகவரி கேட்பது யாரையும் ஒதுக்குவதற்கு இல்லை, சரிபார்ப்பதற்கு. அதிகாரி நேரில் போய் இன்னார் இங்கே இருக்கிறார் என்று பார்க்க முடியாவிட்டால் ஒரே ஆள் நான்கு இடத்தில் வாக்குப் போடலாம். ஆகவே இந்த விதி எல்லோருடைய வாக்கையும் காப்பாற்றுகிறது — கையை வேறு ஆட்டி ஆட்டிச் சொன்னேன். முடிக்கும்போதுதான் பார்க்கிறேன், முன்பெஞ்சு தலை குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறான். அதே வேகம். எழுந்து, மேடம் சொன்னதையே தன் தரப்பு வாதமாக எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டான். கோர்ட்டே சிரித்தது.

என் வாதத்துக்கு நானே பதில் கொண்டுவர வேண்டுமாம். பதினெட்டாம் தேதி வரை அவகாசம்.

என் வீட்டுக்காரர் பள்ளியில் கணக்கு வாத்தியார். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தார். "சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிறதுன்னா இதுதான்" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நுணலும் தன் வாயால் கெடும். கெட்டுத் தொலையட்டும். ஆனால் நான் வாயைத் திறந்ததற்கு இருநூற்றுப் பதினேழு பேர் ஏன் கெட வேண்டும்?

மார்ச் 12, புதன்

நூலகத்தில் எட்டு மணி நேரம். பழைய தீர்ப்பு எதிலும் பதில் இல்லை. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: அது நல்ல வாதம். எனக்கே உடைக்கத் தெரியவில்லை.

மார்ச் 13, வியாழன்

வகுப்பு முடிந்ததும் பாலத்துக்குப் போனேன். முதல் மனுதாரர் ஒரு தையல்காரம்மா. மூன்றாம் தூணை ஒட்டி வீடு, வாசலில் மெஷின். நான் செய்த காரியத்தை அவரிடம் மறைக்காமல் சொல்வதுதான் மரியாதை. சொன்னேன். அவர் துணி வெட்டுவதை நிறுத்தவில்லை.

"நாங்க இருக்கிற இடம் தெரியாதுன்னா சொல்றாங்க? கோர்ட்டுல இருந்தே வருஷத்துக்கு மூணு நாலு தடவை ஆள் வருதே."

என்ன ஆள் என்றேன். கையிலிருந்த காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். துணியின் மேல் வைத்துக் கழுத்து அளவு வெட்டுவதற்கான காகிதம். நடுவில் அரைவட்டமாக ஒரு ஓட்டை. ஓட்டைக்கு மேலே நீதிமன்றத்தின் முத்திரை.

சம்மன்! நடைபாதையை அடைத்து மெஷின் போட்டதற்கான சம்மன். தாள் நல்ல கெட்டியாம், மடங்காதாம், அதனால் எட்டு வருடமாக ஒன்றைக்கூடத் தூக்கிப் போடவில்லையாம். முகவரி இருக்கும் இடத்தில் தட்டச்சில்: மூன்றாம் தூண், மேம்பாலத்தின் கீழ். திருப்பினேன். சம்மன் கொண்டுவந்த கோர்ட்டு ஊழியர் கைப்பட எழுதியிருக்கிறார்: 'குடியிருக்கும் இடத்தில், குடும்பத்தார் முன்னிலையில், நேரில் வழங்கப்பட்டது.' கீழே கையெழுத்து, தேதி.

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் தண்ணீர் கொடுத்தார். "நல்லதா கெட்டதா, அதை முதல்ல சொல்லிட்டு அழுங்க" என்றார்.

நல்லது அம்மா. ரொம்ப ரொம்ப நல்லது.

மார்ச் 16, ஞாயிறு

நானும் வீட்டுக்காரரும் பதினான்கு தூணும் சுற்றி வந்தோம். எண்பத்து மூன்று சம்மன்கள். ஒன்று கூரை ஒழுகாமல் இருக்க மடித்துச் செருகியது. ஒன்றின் பின்பக்கம் ஒரு குழந்தை யானை வரைந்திருந்தது. யானையைத் தரமாட்டேன் என்று அழுதது, திருப்பித் தருவதாக எழுத்துமூலம் உறுதி கொடுத்தேன். பதினோராம் தூணில் மட்டும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அங்கே எல்லோரும் உத்தமர்கள் போல. வீட்டுக்காரர் உட்கார்ந்து தூண்வாரியாக அடுக்கி எண் போட்டுக் கொடுத்தார். இந்த மனிதரை நான் அடிக்கடி பாராட்டுவதில்லை.

மார்ச் 18, செவ்வாய்

முதலில் வகுப்பு. அப்புறம் கோர்ட்டு.

அதிகம் பேசவில்லை. சம்மன் கட்டை மேலே நீதிபதியிடம் கொடுத்தேன். நீதிபதி கழுத்து வெட்டிய தாளை எடுத்தார். கொஞ்ச நேரம் புரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு பின்பக்கத்தைப் படித்தார். முன்பெஞ்சைக் கூப்பிட்டு, இது எந்தக் கோர்ட்டின் முத்திரை என்று கேட்டார். அவன் கிட்டே போய்ப் பார்த்தான். நம் கோர்ட்டுதான் என்றான். அவன் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"தண்டிக்கணும்னா இவங்க வீடு தெரியுது. வாக்குன்னா மட்டும் தெரியல" என்றேன். "இதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணுமில்லை."

உட்காரப் போனேன். நீதிபதி விடவில்லை. உதட்டோரம் ஒரு சிரிப்பு. இதற்கு எதிர்த்தரப்பு என்ன சொல்ல முடியும், புரொஃபசர் என்றார்.

"தெரியாதும்மா. அவரையே கேளுங்க."

முன்பெஞ்சு பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தான். மூடினான்.

மார்ச் 21, வெள்ளி

ஜெயித்தோம்!

இருநூற்றுப் பதினேழு பெயரும் பட்டியலுக்குத் திரும்புகின்றன. அதோடு நிற்கவில்லை. இனி எங்கேயுமே கதவு எண் இல்லை என்று ஒரு பெயரையும் நீக்க முடியாது. தூணோ மரமோ கடைப் பலகையோ, ஆள் தேடிப் போகும்போது எது அடையாளமோ அதுவே முகவரி. தீர்ப்பின் பதினெட்டாம் பத்தி. கோர்ட்டு வாசலிலேயே நின்று மூன்று முறை படித்தேன். இருபத்தாறு வருடம் கறுப்புக் கோட்டு போட்டதற்கு இந்த ஒரு பத்தி போதும்.

தாழ்வாரத்தில் முன்பெஞ்சு வந்து கைகொடுத்தான். அன்று நான் சொன்ன எதிர்வாதம் உண்மையிலேயே நன்றாக இருந்தது என்றான். எனக்கும் தெரியும் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

மார்ச் 24, திங்கள்

வகுப்பில் நுழைந்ததும் கைதட்டல். ஐந்து நிமிடம் என்னால் பாடத்தை ஆரம்பிக்க முடியவில்லை, ஆரம்பிக்க விரும்பவும் இல்லை. முதல்வர் பின்வாசலில் நின்றிருந்தார். வகுப்பு முடிந்ததும் வந்து, வருடத்துக்கு ஒன்று என்பதை இரண்டாக்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். மூன்றாக யோசியுங்கள் என்றேன்.

யானையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

ஏப்ரல் 13, ஞாயிறு

தேர்தல். எங்கள் கல்லூரிதான் வாக்குச்சாவடி. எட்டு மணிக்கெல்லாம் பாலத்து ஆட்கள் கூட்டமாக வந்து வரிசையில் நின்றுவிட்டார்கள். எனக்குச் சாவடிக்குள் வேலை இல்லை. ஆனாலும் வீட்டில் இருக்க முடியவில்லை, வாசலுக்கு வெளியே நின்றிருந்தேன். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். திறந்திருந்த கதவு வழியே பார்த்தேன்: அலுவலர் தூண் எண்ணைக் கேட்டார், பட்டியலைப் பார்த்தார், கோடு போட்டார். ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை.

தையல்காரம்மா தானே தைத்த புது உடையில் வந்திருந்தார். வாக்குப் போட்டுவிட்டு வெளியே வந்ததும் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆசை தாங்காமல், யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டும் விட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதை உங்ககிட்ட நான் ஏன் சொல்லணும்?"

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று தலையாட்டிவிட்டு, மெஷினைத் திறக்க நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போய்விட்டார்.