உன் அப்பா கொடுப்பதாகச் சொன்ன விளக்கம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. வீடு சௌக்கியம், உன் அப்பா சௌக்கியம், என் வலது முழங்காலைத் தவிர நானும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன், உன் சித்தி போன் போட்டுச் சிரிப்பதற்குள் நானே சொல்லிவிடுவதுதான் எனக்கு மரியாதை. போன வாரம் துறைமுக ஏலக்கூடத்தில் நான் ஒரு பெட்டி கணவாய் மீன் வாங்கிவிட்டேன். வாங்கப் போகவில்லை. தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன், மூக்கில் ஈ உட்கார்ந்தது, கையைத் தூக்கி விரட்டினேன். நம் ஏலக்காரர் ‘மூணுதரம்’ இருக்கிறாரே, அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு மூன்று தரமும் ஒரே மூச்சில் சொல்லி என் தலையில் கட்டிவிட்டார். கூடமே திரும்பிப் பார்த்தது, உன் அப்பாவைத் தவிர. அவர் பார்க்கக்கூடாது என்றுதான் ஒளிந்தேன், நிஜமாகவே பார்க்கவில்லை என்றதும் அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. அன்றிலிருந்து மூன்று வேளையும் கணவாய்தான். கிண்ணத்தோடு நான் தெருவில் இறங்கினால் அக்கம்பக்கத்தில் கதவு சாத்துகிறார்கள்.

ஏன் ஒளிந்தாய் என்று கேட்பாய். எல்லாம் அந்தத் தொப்பிக்காரியால். மழை விட்டதும் தலையில் பெரிய தொப்பியோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள், பழைய உப்புக் கிடங்கை லாட்ஜ் ஆக்கியிருக்கிறார்களே, அங்கே தங்கியிருக்கிறாள். சுவர் இன்னும் உப்புப் பூத்துப் பெட்டிப் பூட்டெல்லாம் துருப்பிடிக்கிற அந்த இடத்தில் ஒருத்தி காரணமில்லாமல் இத்தனை நாள் தங்குவாளா, நீயே சொல். வந்த மறுநாளிலிருந்து உன் அப்பா தினமும் முகம் மழிக்கிறார். படகு எஞ்சின் பார்க்கிற மனுஷன், நகக்கண்ணில் கருப்பு இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே கிடையாது, இப்போது பிரஷ் வைத்துத் தேய்க்கிறார். வேலை முடிந்ததும் அவளோடு ஊரைச் சுற்றுகிறார். எந்தப் பெண்டாட்டிக்கும் முதலில் வரவேண்டிய சந்தேகம் எனக்கும் வந்தது, மறைப்பானேன். உன் அப்பாவை முன்னாலும் பின்னாலும் ஒருமுறை நன்றாகப் பார்த்தேன், அது தானாகவே போய்விட்டது. அதற்குப் பின்னால் வந்த சந்தேகம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. துறைமுகத் தெருவில் லாட்ஜ்காரர்கள் ஒவ்வொரு வீடாக வாங்கிக்கொண்டு வருகிறார்கள். எதிர்வீட்டு வலைக்காரர் வீட்டில் இப்போது ‘கடல் பார்க்கும் அறைகள்’ என்று பலகை தொங்குகிறது. அந்த மனுஷன் கடலைப் பார்க்கப் பிடிக்காமல்தான் ஜன்னலையே அடைத்து வைத்திருந்தார். இந்த நேரத்தில் டீக்கடைக்காரர் என்னைக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தி, “அக்கா, அந்தம்மா விளக்கம் வேணும்னு கேட்டாங்க, உங்க வீட்டுக்காரர் நானே குடுக்கறேன்னு தலையாட்டினாரு, என் காதாலே கேட்டேன்” என்றார். எனக்குக் கையில் இருந்த டீ ஆறிப்போனது.

உனக்குத் தெரிந்ததுதான், மாப்பிள்ளைக்காக எழுதுகிறேன், படித்துக் காட்டு. துறைமுகத்தில் கோபுர விளக்கு வருவதற்கு முன்னால் நம் வீட்டு மாடி ஜன்னலில்தான் விளக்கேற்றி வைப்பார்களாம், கடலில் இருப்பவர்களுக்கு அதுதான் கலங்கரை விளக்கம். கோபுரம் வந்து எத்தனையோ காலமாகியும் அதை ஊர் கோபுரம் என்றே சொல்கிறது, விளக்கம் என்றால் நம் வீடுதான். தபால்காரரிலிருந்து தண்ணீர் லாரிக்காரர் வரைக்கும் விளக்கம் எங்கே என்றால் நம் வாசலைத்தான் காட்டுவார்கள். அந்த விளக்கத்தைத்தான் உன் அப்பா தலையாட்டிக் கொடுக்கிறார் என்றால் நான் சும்மா இருப்பேனா. பின்னாலேயே போனேன். ஏலக்கூடத்துக்குப் போனார்கள், நானும் போனேன், கணவாய் வந்த கதை அதுதான். ஐஸ் ஃபாக்டரிக்குப் போனார்கள், நானும் போனேன். பழைய படித்துறைக்குப் போனார்கள், நானும் போய்ப் பாசியில் வழுக்கி விழுந்தேன், முழங்கால் கதை இதுதான். மணலில் பாதி புதைந்து கிடக்கிற உப்புப் படகைக் காட்டிக் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். கல்யாணமான நாளிலிருந்து ‘உம்’ என்றும் ‘ம்ஹூம்’ என்றும் இரண்டே வார்த்தையில் குடும்பம் நடத்திய மனுஷனுக்கு அவ்வளவு பேச்சு எங்கிருந்து வந்தது என்று வயிறு எரிந்தது. கடைசியில் நம் வீட்டுக்கு எதிரே வந்து நின்று மாடியில் உன் அறை ஜன்னலைக் காட்டினார், அவள் போட்டோ எடுத்துக்கொண்டாள். நான் ஒரு படகின் தார்ப்பாய்க்குள்ளே குனிந்திருந்தேன், உள்ளே என்ன நாற்றம் என்று கேட்காதே.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கணவாயைத் தட்டில் வைத்துவிட்டு, விளக்கத்தை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று நேராகவே கேட்டேன். அவர் முகம் சிவந்துவிட்டது. உனக்கு யார் சொன்னது என்றார். திருடன் கேட்கிற கேள்வி. “என் கையெழுத்து இல்லாம எப்படிக் குடுப்பீங்க” என்றேன். “விளக்கம் குடுக்கறதுக்குக் கையெழுத்து எதுக்கு, வாய் இருந்தா போதாதா” என்றார். வாய்ப்பேச்சிலேயே முடித்துவிட்டாரா என்று எனக்குத் தலை சுற்றியது. பெண் ஊருக்கு வந்தால் எங்கே இருப்பாள் என்று கேட்டேன், “அவ வந்தா படகுலே முதல் வரிசையிலே உட்காரட்டும், அவளுக்கும் சேர்த்துக் குடுக்கறேன்” என்றார். அப்போதுதான் நாங்கள் இரண்டு பேரும் வேறு வேறு விளக்கம் பேசுகிறோம் என்று எனக்கு உறைத்தது. வெளியூர்க்காரர்களை ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்ட ஒரு படகு விடப் போகிறார்களாம். அதில் நின்று ஊர்க் கதையை விளக்கிச் சொல்ல ஆள் தேடித்தான் தொப்பிக்காரி வந்திருக்கிறாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் சிரிப்பாயாம், உலை கொதிப்பதற்குள் ஊருக்குச் சொல்லிவிடுவாயாம். சிரித்தேன். ஊருக்கும் சொன்னேன். சின்ன வயதில் பரீட்சைத் தாளில் ‘விளக்கம் தருக’ என்று பார்த்துவிட்டு, வீட்டைக் கேட்கிறார்கள் என்று நீ அழுதுகொண்டு வந்தாயே, அன்றைக்கும் இதே மாதிரி சிரித்தவள்தான் நான்.

இப்போது தினமும் சமையலறையில் நின்று என்னிடம் ஒப்பிக்கிறார். உப்பு ஏற்றி வந்த படகு கரைதட்டி நின்றுவிட்டது, மீட்கத் தெரியாதவர்கள் அதையே வீடாக்கிக்கொண்டார்கள், போக முடியாமல் நின்றவர்கள் கட்டிய ஊர் இது என்று ஆரம்பிக்கிறார். எஞ்சின் புகை கக்குவது போல முதலில் திக்குகிறது, அப்புறம் சீராக ஓடுகிறது. வெளியே போனவர்கள் திரும்பி வரத்தான் அந்த ஜன்னலில் விளக்கு வைத்தார்கள் என்கிற இடத்தில் தினமும் தொண்டையைச் செருமுகிறார். அந்த இடத்தில் மட்டும் நான் சிரிப்பதில்லை.

நீ அங்கே குளிரில் காதை மூடாமல் திரியாதே, காதுவலி உனக்கு உன் சித்தி வழிச் சொத்து. மாப்பிள்ளையிடம் முழங்கால் கதையைச் சொல்ல வேண்டாம், கணவாயோடு நிறுத்திக்கொள். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அப்பாவுக்குப் போன் போடு, ஒன்றும் தெரியாதவள் போல, நம்ம ஊருக்கு என்னப்பா கதை என்று கேள், மனுஷன் பூரித்துப் போவார். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நிறைவாக இருக்க வேண்டும், உங்கள் கை எதைத் தொட்டாலும் அது துலங்க வேண்டும்.

இப்படிக்கு,
இனி யாரையும் சந்தேகப்படுவதில்லை என்று முடிவெடுத்திருக்கும்
உன் அம்மா

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது அளவு டேப்போடு ஒருவன் வந்தான். படகில் வருகிறவர்கள் பார்க்க நம் வாசலில் பெயர்ப்பலகை வைக்கிறார்களாம், அதற்கு அளவெடுக்க வந்திருக்கிறான் என்று உன் அப்பா சொன்னார். வாசலை அளந்தான். பிறகு மாடிக்குப் போய் உன் அறையையும் குளியலறையையும் அளந்துகொண்டு போனான்.